எதிர்வீட்டு வெறும் வாசல்

டிச. 27, சனி

பனி. ஏழு மணி வரைக்கும் எதிர்வீட்டு கேட் கூடத் தெரியவில்லை. சனிக்கிழமை, திருநள்ளாற்றுக் கூட்டத்தில் பஸ் ஏற முடியாது என்று அம்மா சீக்கிரமே ஜவுளிக்கடை வேலைக்குக் கிளம்பிவிட்டாள். எனக்கு ஃபால்ஸ் தைக்க வந்த புடவை ஆறு. முடித்தது நாலு. அப்பா அறுவடை மிஷினோடு மன்னார்குடிப் பக்கம். அவரிடமிருந்து போன் வரவில்லை.

பத்து மணிக்கு எதிர்வீட்டு சாரதா அத்தை வந்தார்கள். மகளுக்குப் பிரசவம். மாமாவும் அத்தையும் கோயம்புத்தூர் போகிறார்கள். வருவது அஞ்சாம் தேதி. கேட் சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினார்கள்.

"காலையில வாசத் தெளிச்சு ஒரு கோலம். பேப்பர எடுத்து உள்ள போட்ரு. சாயந்தரம் வெளி லைட்டு. அவ்ளோதான்."

தலையாட்டினேன்.

"ஒங்க வூட்டத் தவிர யாருக்கும் தெரியாது. நீதான் வாயத் தொறக்க மாட்டியே, அதாண்டி ஒன்ட்ட குடுக்குறேன்."

சிரித்தார்கள். புகழ்ச்சிதான் போல. வாயைத் திறக்காததற்குத்தான் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் வரை நிற்க வைத்தார்கள். பதினொன்றாம் வகுப்பு மூன்று மாதம். அப்புறம் போகவில்லை.

போன வாரம் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் நகர் சங்கக் கூட்டம். போலீஸ்காரர் ஒருவர் பேசினார். அம்மாவுக்காக எழுதி வந்தது:

– ஊருக்குப் போனால் ஸ்டேஷனில் சொல்லவும்.
– போனில் ஸ்டேட்டஸ் வைக்க வேண்டாம்.
– கோலம் போடும்போது செயினை முந்தானையால் மூடவும். பைக் சத்தம் கேட்டால் நிமிரவும்.
– மார்கழியில் கோலம் இல்லாத வாசல், ஆள் இல்லாத வீடு. திருடன் முதலில் அதைத்தான் பார்ப்பான்.

கடைசியைச் சொன்னபோது பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

டிச. 29, திங்கள்

காலையில் இரண்டு வாசல். நம் வீட்டுக்கு எப்போதும்போல் புள்ளிக்கோலம். எதிர்வீட்டில் படிக்கோலம். அத்தையின் கோடு தடிமன், வலப்பக்கம் கொஞ்சம் சாயும். அதே மாதிரி சாய்த்தேன். இரண்டும் ஒரே கை என்று தெரியக்கூடாதே.

நாள் முழுக்க அதை நினைத்து ஒரு சந்தோஷம். யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம்.

கிளிஞ்சல்மேட்டு மீன்காரம்மா வரவில்லை. ரசம், அப்பளம்.

டிச. 30, செவ்வாய்

விடியற்காலையில் வயிற்றுவலி. பார்த்தால் அதுதான். நாலு நாள் முந்தியே வந்துவிட்டது.

"இன்னிக்கா?" என்றாள் அம்மா. "மார்கழி மாசம். மூணு நாளைக்கு வாசப்பக்கம் போவாத."

"எதுத்த வீடு?"

"அவங்க எவ்ளோ ஆசாரம். தூரத்தோட அந்த வாசல்ல கால வச்சேன்னு தெரிஞ்சா நான் தெருவுல நடக்க முடியாது. நானே போட்டுக்கிறேன்."

நம் வாசலுக்குப் போட்டாள். அதற்குள் ஏழே கால் பஸ். எதிர்வீட்டில் பேப்பரை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு ஓடினாள்.

மூன்றாம் வீட்டு செல்வி அக்காவிடம் போடச் சொல்லலாம் என்று போனேன். குழாயடியில் அவள் வீட்டுக்காரர் சவரம் செய்துகொண்டிருந்தார். "என்ன பாப்பா?" "ஒன்னுமில்ல." திரும்பி வந்துவிட்டேன்.

டிச. 31, புதன்

இன்றும் அந்த வாசல் காய்ந்து கிடந்தது. அம்மாவுக்கு இன்றும் பஸ்.

ஒன்பது மணிக்கு "கோலமாவேய்..." கலியபெருமாள். வரிச்சிக்குடிக்காரர். எக்ஸெல் வண்டியில் மூட்டை வைத்து, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வருகிறார். நான் நம் கேட்டுக்கு உள்ளேயே நின்றேன்.

"அந்தம்மா இல்லியா? மார்கழியில வாசலு இப்புடி கெடக்கு."

"ஊருக்குப் போயிருக்காங்க. அஞ்சாந்தேதிதான் வருவாங்க."

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவர் முகம் மாறியது.

"இத யார்ட்டயும் சொல்லாத பாப்பா. என்ட்டகூட சொல்லிருக்கக் கூடாது."

என்னைப் பார்த்தார், நான் கேட்டைத் தாண்டி வராததைப் பார்த்தார்.

"எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு. நீ உள்ளயே இரு. நாலு இழுப்பு நான் இழுத்துட்டுப் போறேன்."

அந்த கேட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மாவு நன்றாக ஓடுகிறதா என்று காட்டுவதற்கு வியாபாரிகள் போடுவார்களே, அந்த மாதிரி ஒரு நட்சத்திரம், சுற்றிலும் வளையம். ஐந்து நிமிடம் இருக்கும். கோணல்தான். ஆனால் கோலம்.

மத்தியானம் மாடு மிதித்துக் கலைந்துவிட்டது.

ஜன. 1, வியாழன்

தெரு முழுக்க ஹேப்பி நியூ இயர். செல்வி அக்கா மயில் போட்டிருந்தாள், கழுத்துக்கு நீலம் போதவில்லை. எதிர்வீட்டு வாசலில் மட்டும் நேற்றைய வளையத்தில் கால்வாசி, சாணி.

நாளைக்கு நான்காம் நாள். தலைக்குக் குளித்துவிட்டுப் பெரியதாகப் போட வேண்டும்.

ஜன. 2, வெள்ளி

லைட்டை அணைக்கப் போன அம்மா அங்கிருந்தே கத்தினாள்.

பின்கதவுத் தாழ்ப்பாள் பெயர்ந்து கிடந்ததாம். பீரோ திறந்திருந்ததாம். பேரப்பிள்ளைக்கு என்று செய்து வைத்த காப்பு, அரைஞாண், வெள்ளிக் குத்துவிளக்கு. நான் போய்ப் பார்க்கவில்லை.

அத்தை போன் செய்தார்கள். அழுகை எனக்கே கேட்டது. "ஒம் பொண்ணு தெனம் கோலம் போட்டாளா இல்லியா?"

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே, "போட்டாக்கா. ஒரு நாள் விடல" என்றாள்.

ஜன. 3, சனி

அம்மா போனில் சங்கத்து வாட்ஸப். முனை வீட்டு சார்தான் சங்கச் செயலாளர். தெருவில் அவர் வீட்டில் மட்டும்தான் கேமரா. அதிலிருந்து ஒரு வீடியோ. பூட்டிய கேட், அதன் முன்னால் குத்துக்காலிட்டு ஒரு ஆள். தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள்.

கலியபெருமாள்.

கேமரா பின்பக்கமிருந்து பார்க்கிறது. கை தெரியவில்லை. நம் கேட்டும் அதில் வராது. நானும் இல்லை.

வீடியோவுக்குக் கீழே வந்தவை: "அஞ்சு நிமிஷம் நோட்டம் பாத்துருக்கான்."
"மாவு விக்கிறதெல்லாம் சும்மா."
"எனக்கு அன்னிக்கே டவுட்டு."
அவரிடம் இருபது வருஷமாக மாவு வாங்கும் செல்வி அக்கா, கை கூப்பும் படம்.

மத்தியானமே அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்களாம். சாயந்தரம் அவர் சம்சாரமும் ஒரு மகளும் வந்து முனையில் நின்றார்கள். மகளுக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

அம்மா போனை வாங்கி எழுதினேன். "அவர் கோலம்தான் போட்டார்." அழித்தேன். மறுபடி எழுதினேன். "நீ போட்டதா நான் சொல்லிருக்கேன்டி" என்று அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

இதை நான் சொல்லாவிட்டால் சொல்ல வேறு ஆளே இல்லை.

ஜன. 4, ஞாயிறு

பிள்ளையார் கோயில் மண்டபத்தில் அவசரக் கூட்டம். அம்மா வேண்டாம் என்றாள். போனேன். ஆண்கள் நாற்காலியில், பெண்கள் ஜமுக்காளத்தில்.

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் சொல்லித் தெருவிளக்கு, தெரு வியாபாரிகளுக்கு அடையாள அட்டை, இன்னும் நாலு கேமரா. அப்புறம் அந்த வீடியோ. போலீஸ்காரரும் இருந்தார்.

எழுந்துவிட்டேன்.

"என்னம்மா?" என்றார் முனை வீட்டு சார்.

"அது கோலம்."

"சத்தமா சொல்லு."

"அவரு கோலம் போட்டாரு. நான் பாத்தேன்."

சிரித்தார்கள். "ஆம்பள உக்காந்து மார்கழிக் கோலம் போட்டானாம்யா!" "திருப்பாவையும் பாடிருப்பான்!"

சார் சிரிக்கவில்லை. "சாரதாம்மா ஒன்ட்டதான சொல்லிட்டுப் போனாங்க? நீ ஏன் போடல?"

அப்போதுதான் பெண்கள் பக்கம் பார்த்தேன். ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது. யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம். செல்வி அக்கா ஜமுக்காளத்து நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தூரம்," என்றேன். "மூணு நாள். அதனால அவரு போட்டாரு. ஊருக்குப் போயிருக்காங்கன்னு அவர்ட்ட சொன்னது நான்தான். யார்ட்டயும் சொல்லாதன்னாரு."

ஒரு நாற்காலி நகர்ந்தது. போலீஸ்காரர் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். வீடு வரைக்கும் விடவில்லை.

"அத்தன ஆம்பளைங்க நடுவுல," என்று மட்டும் சொன்னாள். சோறு போட்டாள். அவள் சாப்பிடவில்லை.

ஜன. 5, திங்கள்

அத்தை வந்துவிட்டார்கள். பேரன். எடை குறைவு, இன்குபேட்டரில் இருக்கிறானாம். மாமா மறுபடி போக வேண்டும்.

சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னைப் படியேற விடாமல் கீழேயே நின்று வாங்கினார்கள்.

"ஒனக்கு முடியலன்னா ஒரு போன் பண்ணிருக்கலாமே. வேற ஆளு வச்சிருப்பேன்ல."

"ஆமாம் அத்தை."

"ஒங்கம்மா, நீ தெனம் போட்டன்னு சத்தியம் பண்ணாத கொறையா சொல்றா."

கதவைச் சாத்தவில்லை, உள்ளே போய்விட்டார்கள். ரொம்ப நேரம் திறந்தே கிடந்தது. பிறகு நான் வந்துவிட்டேன்.

ஜன. 6, செவ்வாய்

பால்காரர் சொன்னது: நேற்று சாயந்தரமே கலியபெருமாளை விட்டுவிட்டார்கள். இரண்டு நாளும் ஸ்டேஷன் பெஞ்சில். பொருள் கிடைக்கவில்லை. திருடன் யாரென்று தெரியவில்லை.

சங்கத்து வாட்ஸப்பில் வீடியோ அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே பொங்கல் கோலப் போட்டி அறிவிப்பு.

நான் கூட்டத்தில் சொன்னதைப் பற்றி ஜவுளிக்கடையில் அம்மாவிடம் யாரோ கேட்டார்களாம். இங்கிருந்து அவ்வளவு தூரம் போய்விட்டது.

ஜன. 8, வியாழன்

பனி குறைவு. மாவு தீர்ந்துவிட்டது. பாக்கெட் வாங்கி வருகிறேன் என்றாள் அம்மா.

ஒன்பது மணிக்கு மெயின் ரோட்டில் அந்தக் குரல். நம் தெருவுக்குள் திரும்பவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முனை வரைக்கும் ஓடினேன்.

என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை.

"நீ வூட்டுக்குப் போ பாப்பா. ஒனக்குத்தான் பேச்சு வரும்."

கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். முனை வீட்டுச் சுவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இறங்கி வண்டியை நாலடி முன்னால் தள்ளினார்.

"இப்புடி வந்து நில்லு. ரெண்டு பேரும் தெரியணும்."

நின்றேன். இரண்டு படி அளந்தார். ஒவ்வொரு படியையும் கேமராவுக்குத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் கிண்ணத்தில் கொட்டினார்.