முதுகில் பட்ட பந்து

என் அன்பு அத்தானுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. முதலில் உங்களுக்குப் பிடித்த செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோ பேஸ்போல் அணி இந்த வருடமும் ஒரு பத்தொன்பது வயதுப் பையனைப் பிடித்து வைத்துக்கொண்டு, இவன்தான் நாளைய நட்சத்திரம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறது. இடது கைக்காரனாம். எறிந்தால் பந்து கண்ணுக்கே தெரியாதாம். எனக்கு நம்பிக்கை இல்லை. கண்ணுக்குத் தெரியாத பந்து எங்கே போய் விழுகிறது என்று யார் பார்த்தார்கள்?

நீங்கள் இருந்திருந்தால் நம்பியிருப்பீர்கள். பாரிஸ் லா ஷப்பலில் குணம் அண்ணையின் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, கைத்தொலைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "இவன்ரை கையைப் பார், சிறி. கை பொய் சொல்லாது" என்றிருப்பீர்கள். ஒவ்வொரு கோடையிலும் அந்த நாட்டு அணிகள் முறை வைத்துப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கிற டிராஃப்ட் வரும்போது, நீங்கள் ஐந்து இளம் ஆட்டக்காரரின் பெயரை எழுதுவீர்கள். இவர்கள் மேலே வருவார்கள் என்று. நானும் ஐந்து பெயரை எழுதுவேன். இவர்கள் வரமாட்டார்கள் என்று. அனேகமாக நான்தான் வென்றேன். அது கெட்டித்தனம் இல்லை என்று இப்போது விளங்குகிறது. வருகிறவர்களில் பெரும்பாலானோர் காணாமல் போகிற ஆட்டத்தில் சந்தேகப்படுகிறவன் கெட்டிக்காரன் போலத்தான் தெரிவான்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து பாரிசில் தொழில் செய்கிற இரண்டு பேருக்கு எதற்கு பேஸ்போல் பைத்தியம் என்று அக்கா கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனார். பள்ளிக்கூடத்தில் தடியும் ரென்னிஸ் பந்துமாக எல்லே ஆடியவர்களுக்கு அது புது விளையாட்டே இல்லை. அடி, ஓடு, சுற்றி வா. ஒரே ஒரு வித்தியாசம்தான். எல்லேயில் ஓடுகிறவன்மேல் பந்தை எறிந்து அடித்தால் அவன் அவுட். பேஸ்போலில் அடித்தால் ஒன்றுமில்லை. பந்து எங்கேயாவது உருண்டு போகும், அவன் ஓடிக்கொண்டே இருப்பான். அவன் போய்ச் சேரவேண்டிய பேஸில் நிற்கிற நம் ஆளுக்குத்தான் எறியவேண்டும். எங்கள் அணிப் பெடியளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க, அணித் தலைவராக நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். பொபினிப் பக்கத்து மைதானத்தில் எந்த அணி எங்களோடு ஆட வந்தாலும் முதுகைத் தடவிக்கொண்டுதான் திரும்பிப் போனது.

என்னைக்கூட நீங்கள் திருத்த முடியவில்லை.

அந்த ஆட்டத்தை நான் உங்களுக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை. ஏழு வருடத்துக்கு முன், வென்றால் கடைசிப் பிரிவிலிருந்து ஒருபடி மேலே போகலாம் என்றிருந்த நாள். நான் இரண்டாம் பேஸில். பந்து என் கைக்கு வந்தது. மூன்றாம் பேஸில் நீங்கள் கையை விரித்துக்கொண்டு நின்றீர்கள். எனக்கு நீங்கள் தெரியவில்லை, அத்தான். ஓடிக்கொண்டிருந்தவனின் முதுகுதான் தெரிந்தது. நடு முதுகில் போட்டேன். போட்டுவிட்டுக் கையைத் தூக்கி "அவுட்!" என்று கத்தினேன். நான் கத்தி முடிக்குமுன் அவனும் ஓட்டம் எடுத்தான், அவனுக்குப் பின்னால் வந்தவனும் எடுத்தான். தோற்றோம்.

அன்றைக்கு நீங்கள் என் முதுகில் தட்டிவிட்டுப் போனீர்கள். அடுத்த வசந்தத்தில் பதினைந்து பேரின் அணிப் பட்டியலை வாட்ஸ்அப்பில் போட்டீர்கள். மூன்று தரம் வாசித்தேன். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. என் பெயர் இல்லை.

ஒரு கிழமை, அந்த எறிதான் காரணம் என்று நினைத்தேன். அடுத்த கிழமை, பெண்சாதியின் தம்பியை வைத்திருக்கிறார் என்று ஆட்கள் கதைத்திருப்பார்கள், அதற்குப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு, உங்கள் கார் ஓட்டத்தைப் பற்றி ஒரு சாமத்தியச் சடங்கு வீட்டில் எல்லோருக்கும் முன்னால் நான் பகிடி விட்டது ஞாபகம் வந்தது. என் முழங்கால் நோவை அக்கா உங்களிடம் போட்டுக் கொடுத்தாரோ என்றும் யோசித்தேன். ஆக மொத்தம், உங்களிடம் கேட்பதைத் தவிர எல்லாவற்றையும் செய்தேன். கேட்டால் எனக்கு நொந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரிந்துவிடுமே.

பேச்சுவார்த்தை நிற்கவில்லை. தீபாவளிக்கு வந்தேன். உங்கள் மகள் அபிரா பள்ளிப் படிப்பை முடித்ததற்கு வந்தேன். ஆனால் நீங்கள் ரொறன்ரோவைத் தொடங்கினால், கூசேன்வில்லிலிருந்து வருகிற ரயில் எவ்வளவு பிந்தியது என்று நான் சொல்லத் தொடங்குவேன். ஐந்து பெயர் எழுதுவதும் நின்றுபோனது. நீங்கள் இரண்டு கோடை கேட்டுப் பார்த்தீர்கள். மூன்றாவது கோடையில் கேட்கவில்லை.

பிறகு ஒக்டோபரில், வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றக் குனிந்த நீங்கள் நிமிரவில்லை.

பங்குனியில் மிஸ்யே சவரி என்னைத் தேடி வந்தார். தபாலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற புதுச்சேரிக்காரர், எங்கள் அணியின் பப்பியே என்கிற காகித வேலை முழுவதையும் தலையில் போட்டுக்கொண்டவர். அவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இந்த வருடப் பட்டியலை நான்தான் போடவேண்டும் என்றார். எனக்கு உடனே சந்தேகம். ஆறு வருடம் கிட்டவே வராதவனிடம் எதற்கு இதைக் கொண்டு வருகிறார்?

"தம்பி, மூணு பேரைக் கேட்டேன்," என்றார். "மூணு பேரும் முதல்ல அவங்க பேரைத்தான் எழுதினாங்க. நீங்க உங்க பேரை எழுதவே மாட்டீங்க. அதான் வந்தேன்."

இதைப் புகழ்ச்சியாக எடுப்பதா வேறு மாதிரி எடுப்பதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பதினான்கு பெயர் ஒரு மணித்தியாலத்தில் எழுதி முடித்தேன். பதினைந்தாவது பெயருக்கு நான்கு நாள் எடுத்தது. ஒரு பக்கம் குணம் அண்ணையின் அக்கா மகன் ரஜீவன். மறுபக்கம் உங்கள் மகள். ஓம், அபிராதான். எங்கள் பிரிவில் பெண்களும் கலந்து ஆடலாம் என்று எனக்கே அவள்தான் சட்டப் புத்தகத்தைக் காட்டினாள். மாசியிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் பயிற்சிக்கு வந்தாள்.

அந்த நான்கு நாளும் உலகத்திலுள்ள எல்லோருக்கும் என்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. குணம் அண்ணை நான் கேட்காமலே இரண்டாவது வடையைத் தட்டில் வைத்தார். "சும்மா சாப்பிடுங்கோ, தம்பி. எங்கடை ரஜீவன் என்ன மாதிரி ஓடுறான், கண்டனியளோ?" அக்கா வீட்டுக்குப் போனால், அக்கா பட்டியலைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. கணவாய்க் கறி மட்டும் வைத்தார். அக்கா கிழமை நாளில் கணவாய் வைத்தால் என்ன அர்த்தம் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

அபிராமேலும் சந்தேகப்பட்டேன். இவளுக்கு உண்மையிலேயே ஆட்டம் பிடிக்குமா, அல்லது அப்பாவின் தொப்பியைப் போடத்தான் வருகிறாளா? பயிற்சியில் அவள் நன்றாக எறிந்தபோது, உண்மையாகவே நன்றாக எறிகிறாளா, அல்லது தகப்பனில்லாத பிள்ளை என்று என் கண் கூட்டிச் சொல்கிறதா? ஒரு நாள் கடையில் எனக்குப் பின்னால் இருந்தவர், நான் கேட்கவேண்டும் என்றே, "வேறை ஆரைப் போடப் போறார்? மருமேளைத்தானே போடுவார். இருந்து பாருங்கோ" என்றார்.

அந்த இடத்திலேயே அவளுடைய பெயரை வெட்டினேன், அத்தான்.

வெட்டிவிட்டுத் தேநீரைக் குடித்து முடிக்கவில்லை, எனக்கு வேர்த்துவிட்டது. நீங்களும் இதே கடையில் இதே மாதிரி ஒரு கதையைக் கேட்டுத்தான் என் பெயரை வெட்டினீர்களா? அப்படியானால் அன்றைக்கு உங்களுக்கும் வேர்த்ததா? கேட்க ஆளில்லை. அபிராவையும் ஆறு வருடம் இப்படி மண்டையைப் போட்டு உடைக்க விடப்போகிறேனா?

திரும்ப யோசித்தேன், இந்த முறை ஆட்டத்தை மட்டும். ரஜீவன் நன்றாக ஓடுகிறான், பொய் இல்லை. ஆனால் பந்து கிட்ட வந்தால் கண்ணை மூடிவிடுகிறான். அபிரா மூடுவதில்லை. அவ்வளவுதான். அவளுடைய பெயரை எழுதி அனுப்பினேன். ரஜீவனிடம் நேரே போய்க் காரணத்தைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "எனக்கும் தெரியும் அண்ணை, மாமாவுக்குத்தான் தெரியாது" என்றான். அதற்குப் பிறகு குணம் அண்ணையின் கடையில் ஒரு வடைதான் வருகிறது.

போன ஞாயிறு முதல் ஆட்டம். என்ன நடந்தது என்று ஊகித்திருப்பீர்கள்.

கடைசிச் சுற்று. நாங்கள் ஒரே ஒரு ஓட்டத்தால் முன்னுக்கு நின்றோம். அபிரா இரண்டாம் பேஸில். அவளை அங்கே நிறுத்தியதும் நான்தான். பந்து அவளிடம் வந்தது. மூன்றாம் பேஸில் எங்கள் ஆள் கையை விரித்துக்கொண்டு நின்றான். அவளுடைய கை தோளுக்கு மேலே போன விதத்திலேயே எங்கே எறியப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நடு முதுகு. சத்தம் எனக்குக் கேட்டது. எறிந்துவிட்டுக் கையையும் தூக்கினாள்! பந்து வேலிக்கு உருண்டது, இரண்டு பேர் உள்ளே வந்தார்கள், தோற்றோம். அணி முழுவதும் அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தது.

பாரிசில் பிறந்த பிள்ளை, எல்லேயை ஒரு நாளும் கண்ணால் காணாதவள். இந்த வியாதி எங்கிருந்து வந்தது?

ரயில் நிலையத்தில் என்னைவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் இருந்து, யார் இப்படி எறியப் பழக்கினது என்று கேட்டேன். "அப்பா," என்றாள். சின்ன வயதில் கால்வாய்க் கரைப் புல்லில் நீங்கள் ஓடுவீர்களாம், அவள் உங்கள் முதுகைக் குறிவைத்து எறிவாளாம். பட்டால் புல்லில் விழுந்து செத்தவர் மாதிரிக் கிடப்பீர்களாம். எங்கள் எல்லோரையும் திருத்தத் தொண்டை கிழியக் கத்திவிட்டு, வீட்டில் இந்த வேலையா பார்த்தீர்கள்?

தன்னை அணியிலிருந்து நீக்கிவிடுவீர்களா என்று பிரெஞ்சில் கேட்டாள். இல்லை, அடுத்த ஞாயிறும் இரண்டாம் பேஸில் அவள்தான் என்றேன். அவள் கேட்குமுன் காரணத்தையும் சொன்னேன். "இருபத்தைஞ்சு அடி தள்ளி ஓடுறவன்ரை நடு முதுகிலை போட்டனி. அந்தக் கையை பேஸுக்கு எறியப் பழக்குறது என்ரை வேலை. கை பொய் சொல்லாது." சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று எனக்கே உறைத்தது.

பிறகு, மாமாவை ஏன் பட்டியலில் எடுக்கவில்லை என்று தான் அப்பாவை ஒருமுறை கேட்டதாகச் சொன்னாள். இவ்வளவையும் பிரெஞ்சில்தான் சொன்னாள். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அதை மட்டும் தமிழில் சொன்னாள். "உன்ரை மாமன் வந்து என்னட்டைக் கேக்கட்டும். கேட்டாச் சொல்லுவன். எத்தினை வருசம் கேக்காமல் இருக்கிறான் எண்டு பாப்பம்."

ஆறு வருடம் இருந்தேன், அத்தான்.

என் புத்தி உங்களுக்குத் தெரியும். ரயில் வந்து ஏறிய பிறகும் யோசித்தேன். என்னைத் தேற்றுவதற்கு இவள் கட்டிச் சொல்கிறாளோ? ஆனால் அவளுக்கு இவ்வளவு தமிழைத் தானாகக் கட்டத் தெரியாது. "பாப்பம்" என்று கடைசியில் இழுத்த இழுப்பு அப்படியே உங்களுடையது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு விஷயத்தைச் சந்தேகமில்லாமல் நம்புகிறேன். நம்பியும் எனக்கு ஒரு நிம்மதியும் இல்லை. நீங்கள் காத்துக்கொண்டிருந்தீர்கள். நான் ரயில் பிந்திய கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, இப்போது கேட்கிறேன். என்னை ஏன் எடுக்கவில்லை? எறியா, ஆட்களின் கதையா, கார் பகிடியா? என்னவாக இருந்தாலும் நான் கோபிக்கமாட்டேன். அப்போது கேட்டிருந்தால் கோபித்திருப்பேன், ஒரு மாதம். மிச்ச ஐந்தரை வருடமும் எங்களுக்குக் கிடைத்திருக்கும்.

ஆனியில் இரண்டாவது பட்டியல் போடவேண்டும். அதில் எவரை விட்டாலும், அவர் கேட்க வருவார் என்று காத்திராமல் நானே அவர் வீட்டுக் கதவைத் தட்டிக் காரணம் சொல்லுவேன். அபிராவை விடவேண்டி வந்தால் முதல் கதவு உங்கள் வீட்டுக் கதவுதான். டிராஃப்ட் வரும்போது அவளையும் குணம் அண்ணையின் கடைக்குக் கூட்டிப் போவேன். அவள் ஐந்து பெயர் எழுதட்டும், வரமாட்டார்கள் என்று. இந்த முறை வருவார்கள் என்று எழுதப்போவது நான். முதல் பெயர் அந்த இடது கைக்காரன்.

கேட்கப் பிந்திப்போன உங்கள் மச்சான்,
சிறி