கூடிப்போன ஒற்று

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அப்பா சொல்லச் சொல்ல மருந்துக்கடைக்காரர் எழுதிய கடிதம் இல்லை இது. அப்பாவே எழுதுகிறேன். நம்பாவிட்டால் எழுத்தைப் பார், வரி மேலே ஏறிக் கீழே இறங்கும். அவர் கை இப்படி ஆடாது. இந்த ஒரு பக்கத்துக்கே எனக்கு ஒரு சாயங்காலம் போய்விடும். அவசரமில்லை, பேச்சுவார்த்தைக்கு வந்திருக்கும் உங்கள் தரப்புத் தலைவியம்மா வெள்ளிக்கிழமைதான் ஊர் திரும்புகிறார். இதைத் தன் கைப்பையில் வைத்து உன்னிடம் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவ்வளவு பெரிய ஆள் எனக்குத் தபால்காரர் ஆன கதையைத்தான் எழுதப் போகிறேன்.

அம்மா சுகம். முழங்கால்தான் அவ்வப்போது மக்கர் பண்ணுகிறது. நான் எழுத்து வகுப்புக்குக் கிளம்பிய முதல் நாள், எழுபத்தொரு வயசுல படிச்சு எந்த மந்திரி ஆகப் போறீங்க என்று கேட்டாள். இப்போது பேருந்துப் பலகையை நான் வாசித்துச் சொல்லாமல் படியில் கால் வைக்க மாட்டாள்.

ஆற்றங்கரை மாநாட்டு மண்டபத்தில் மேசை நாற்காலி போடும் வேலையில்தான் இன்னும் இருக்கிறேன். பேச்சுவார்த்தை அங்கேதான் நடக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பாலம் தெரியும், நடுவில் முள்கம்பி தெரியும், அதற்கு அப்பால் உங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டி தெரியும். பதினோரு வருடமாக உன்னைப் பார்ப்பதற்குப் பதில் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் பிரிந்துபோய், உங்களது தனி நாடு என்கிறீர்கள். அதை எங்கள் பக்கம் ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. அதற்கு அங்கீகாரம் என்று பெயராம். எழுதிப் பழகவே எனக்கு நான்கு நாள் ஆனது. அப்படி என்றால் என்ன என்று டீச்சரம்மாவிடம் கேட்டேன். இருக்கிறதை இருக்குன்னு வாய்விட்டுச் சொல்றதுதான் ஐயா, வேற ஒண்ணுமில்லை என்றார். இதற்கா பதினோரு வருடம் என்று சிரித்தேன். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

பேச்சு தொடங்கவே இல்லை. மேசையில் உங்கள் தரப்புக்கு வைக்கும் பெயர் அட்டையிலேயே முட்டிக்கொண்டு நின்றது. ‘நாடு’ என்று எழுதினால் எங்கள் பக்கம் பேச வந்த நீதிபதி ஐயா உட்கார மாட்டார். ‘பகுதி’ என்று எழுதினால் உங்கள் தலைவியம்மா உட்கார மாட்டார். மூன்று நாள் எல்லோரும் நடைவழியில் நின்றபடியே தேநீர் குடித்தார்கள். நான் துடைத்துப் போட்ட நாற்காலிகள் சும்மா கிடந்தன.

மூன்றாம் நாள் மத்தியானம், வேண்டாம் என்று ஒதுக்கிய அட்டையின் பின்பக்கத்தில் உனக்கு முகவரி எழுதிப் பழகினேன். உங்கள் தெருப் பெயர் எழுத வராததால் ‘மகள் இருக்கும் இடம்’ என்று பெரிதாக எழுதினேன். மை காயட்டும் என்று மேசைமேல் நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டில் எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் இரண்டு தரப்பும் உள்ளே நின்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் நான் புள்ளி வைத்த எழுத்தையெல்லாம் விட்டுவிடுவேன். அப்பாவை ‘அபா’ என்று எழுதுவேன். ஒற்றை விட்டுட்டீங்க ஐயா, ஒற்றை விட்டுட்டீங்க என்று டீச்சரம்மா தினமும் திருத்துவார். அந்தப் பயத்தில் இப்போது தேவையில்லாத இடத்திலும் ஒன்றைச் செருகிவிடுகிறேன். அட்டையில் ‘மக்கள் இருக்கும் இடம்’ என்று எழுதியிருந்தேன்.

தலைவியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைச் சத்தமாக வாசித்தார். இதை யார் வைச்சது என்றார் நீதிபதி ஐயா. வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு கையைத் தூக்கினேன். மகளுக்கு எழுதினேன் ஐயா, இப்படி வந்துடுச்சு என்றேன். தலைவியம்மா நாற்காலியை இழுத்து அந்த அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். இதுல எனக்கு மறுப்பு இல்லை, உங்களுக்கு உண்டா என்று கேட்டார். நீதிபதி ஐயா இரண்டு தடவை இருமினார். பிறகு என் பக்கம் திரும்பி, எங்களுக்கும் அதே மாதிரி ஒண்ணு எழுதுங்க, நாங்க மட்டும் என்ன ஆடு மாடா என்றார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் வாசல் காவலர் உள்ளே என்ன நடந்தது என்று கேட்டார். எல்லாம் என் ஒற்று வேலைதான் என்றேன் பெருமையாக. தோளைப் பிடித்துச் சுவரோடு நிறுத்திவிட்டார். ஒற்று என்றால் உளவு என்றும் அர்த்தமாம், நான் என்னத்தைக் கண்டேன்? அந்த வழியாக வந்த தலைவியம்மா சொல்லித்தான் விட்டார். அப்போதுதான் உன் தெருவைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, கடிதத்தை எழுதிக் கொடுங்க, நானே சேர்த்துடறேன் என்றார்.

அதற்குப் பிறகு பதினெட்டு நாள் உட்கார்ந்து பேசிவிட்டார்கள். ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது, கையெழுத்து இன்னும் விழவில்லை. எங்கள் பக்கம் சிலர் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் நேற்று இரண்டு பேர் பாலத்துக்கு வந்து முள்கம்பியை அளந்துவிட்டுப் போனார்கள். வெட்டத்தானே அளப்பார்கள்? அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து சொந்தபந்தத்தைப் பார்க்க நடந்தே போகலாமாம்.

இனி என் விஷயம். நீ அவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்ன அன்று, அந்தப் பக்கம் போனா எனக்கு மகளே இல்லை என்றேன். அன்று வழியில் சிரிப்பு நின்றது இதை நினைத்துத்தான். அதற்குப் பிறகும் எத்தனை கடிதம் போட்டாய். கடையில் நாலு பேர் இருமிக்கொண்டு நிற்கும்போது மருந்துக்கடைக்காரரிடம் எதைச் சொல்லி எழுதச் சொல்வேன்? எல்லோரும் நலம், இங்கே மழை என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அவருக்குத் தெரியாமல் ஒரே ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. அதற்காகத்தான் இந்த வயதில் சிலேட்டைத் தூக்கினேன். அந்த வரி இதுதான்.

எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்.

மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன். ‘மகள்’ நடுவில் ஒற்று இல்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மாப்பிள்ளை என்று நான் எழுதுவது இதுவே முதல் தடவை, சொன்னதும் இல்லை. பேத்தியிடம், தாத்தாவும் அவளும் ஒரே வகுப்புதான் என்று சொல்லிவை.

முதல் தேதி காலையில் நானும் அம்மாவும் பாலத்தின் இந்த முனையில் நிற்போம். நீ கூப்பிடாமல் காலை எடுத்து வைக்க மாட்டேன். தலைவியம்மா கையெழுத்துப் போடத் திரும்பி வரும்போது பதிலைக் கொடுத்துவிடு. பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். ‘வாங்க’ என்று எழுதினால் போதும். எண்ணிப் பார்த்தேன், அதில் ஒரே ஒரு புள்ளிதான். ‘வாங்கப்பா’ என்று எழுதினால் இரண்டு.

நீயும் உன் வீடும் உன் நாடும் நன்றாக இருக்க வேண்டும்.

உன்
அப்பா
(புள்ளி வைத்துவிட்டேன்)