உறைப்புக் காணாது

அக்டோபர் 12, ஞாயிறு இரவு

நித்திரை வரவே மாட்டேன் என்கிறது. பூசை முடிந்ததும் தேவாலய மண்டபத்தில், செபக்குழுவில் எல்லோரும் சேர்ந்து சிஸ்டர் ஜெயாவுடன் வீடியோவில் கதைத்தோம். இங்கே ஜெர்மனியில், ஹம் நகரில் வளர்ந்து, இப்போது தான்சானியாவில் மறைபணி செய்கிற பிள்ளை. நாங்கள் அவவுக்கு அனுப்பும் பெட்டியில் என் பங்கு கறித்தூள். இனி மருந்து மட்டும் போதும் என்று, குழுவை நடத்துகிற ரீற்றா அக்கா முடிவே கட்டியிருந்தார். "அங்க ஆர் தூள் சாப்பிடுகினம்?" என்றார். அந்த ஊர்ச் சனம் பாவம், உறைப்புத் தாங்காது என்று நினைத்து, இவ்வளவு காலமும் பாதி மிளகாய் போட்டுத்தான் வறுத்தேன்.

அப்போது சிஸ்டருடன் சமைக்கிற அந்த ஊர்ப் பெண் நேமா திரையில் வந்து நின்றார். கையில் என் தூள் போத்தல்! கும்பிட்டுவிட்டு, தமிழிலேயே சொன்னார்: "அக்கா, தூள் நல்லம். உறைப்புக் காணாது!"

மிளகாய் போதாதாம்! மண்டபமே சிரித்தது. சிஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் சாப்பிடேக்க சொல்லுறதைக் கேட்டுப் பழகிட்டா" என்றார். ரீற்றா அக்கா என் தோளில் தட்டி, "இனி மிளகாயை வடிவாப் போட்டு அனுப்புங்கோ" என்றார்.

நாளைக்கே முழு மிளகாயும் போட்டு வறுக்கப் போகிறேன். மேல்வீட்டு ஜெர்மன்காரி தும்மினால் தும்மட்டும்.