ஒரே சகனில் ஒஸ்தா காசிம்

1957 மாசி, வியாழன் இரவு.

நிந்தவூர்க் கல்யாண வீட்டில் ஒரு சகன் சோற்றை, எல்லோரும் கைவைத்து உண்ணும் ஒரே பெரிய தட்டை, சுற்றி ஐந்து பேர் அமர்ந்திருந்தோம். ஊர்ப் பிள்ளைகளுக்குச் சுன்னத்துச் செய்யும் ஒஸ்தா காசிம், ஒஸ்தாமாரைச் சகனில் சேர்க்காத வழக்கப்படி, தனிப் பீங்கான் தட்டுக்காக வெளியே நின்றார். அவர் கையைப் பிடித்து ஆறாவது ஆளாக இருத்தினேன். எங்கள் சகனில் இருந்த ஊரின் பெரிய வயல்காரர், போடியார், எழுந்தார்.

"மாஸ்டர், பள்ளிக்கூடத்தை விட்டாச்சுதானே? இஞ்ச படிப்பிக்காதீங்க."

"பள்ளிவாசல்ல தோள் முட்டத் தொழுறமே, போடியார். சோத்துல கை முட்டினா என்ன?"

மற்ற மூவரும் எழுந்துவிட்டார்கள்.

காசிம் மெல்லச் சொன்னார்: "உங்களுக்குப் பென்சன் வரும், மாஸ்டர். நாளைக்குப் போடியார்ட பேரனுக்குச் சுன்னத்து. இனி என்னைக் கூப்பிடுவாரா?"

ஆனாலும் அவர் எழவில்லை. கடைசிப் பிடி வரை என்னோடு உண்டார்.

காலையில் அவரோடு போடியார் வீட்டுக்குப் போவேன். கதவு திறக்காவிட்டால் வாசலிலேயே இருவரும் உட்கார்ந்திருப்போம்.