மூச்சை விடச் சொன்னால்

குருண்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் காளிதாசனுக்கு உன் அம்மா எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் பொய்யோடு தொடங்க மனம் வரவில்லை, அதனால் நான் நலம், அப்பா பாதி நலம், நீ அந்த அயர்லாந்துக் குளிரில் முழு நலமாக இருக்க வேண்டும் என்று முனீஸ்வரரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது அவரைப் பற்றி நான் என்னத்தைப் பேசுவது, நீயும் "ஓகே லா மா, ஒண்ணும் ஆகாது" என்று முடித்துவிடுகிறாய். இங்கே ஒன்றும் ஓகே இல்லை ஐயா.

நெஞ்சில் சளி கட்டி சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் கிடந்த அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். நுரையீரல் தேறிவிட்டது, இனி மருந்தைவிட மூச்சுப் பயிற்சிதான் முக்கியம் என்றார் டாக்டர். நிதானமாக இழுத்து, நினைப்பை எல்லாம் அதிலேயே வைத்து, முழுசாக விட வேண்டுமாம், அப்போதுதான் உடம்பில் தெம்பு ஏறும், மனசில் பயம் இறங்கும், செய்யாவிட்டால் சளி மறுபடியும் கட்டும், அடுத்த தடவை தாங்காது என்றும் சொல்லிவிட்டார். அங்கே பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு மலாய்க்காரப் பிள்ளை, தங்கமான பிள்ளை, அப்பா தோளில் கை வைத்து இழுக்கச் சொல்லி "தாரிக், அங்கிள்" என்பாள், மெதுவாக விடச் சொல்லி "லெப்பாஸ், பெலான் பெலான் லெப்பாஸ்" என்பாள், இவரும் சமர்த்தாக இழுப்பார், விடுவார். வீட்டுக்கு வந்ததும் நான் அதையே நம் பாஷையில், "இழுங்க, ம், இப்ப மெதுவா விடுங்க, அப்படியே விட்டுடுங்க" என்றேன். அவ்வளவுதான், இழுத்த மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை உருட்டி என்னைப் பார்த்தார், முகமே கறுத்துப்போயிற்று, கடைசியில் இருமித் தள்ளிவிட்டு "என்னாத்தடி விடச் சொல்ற?" என்று கத்தினார்.

எனக்கு உடனே புரியவில்லை, சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது. போன வருஷம் உன் பெரியப்பா பரஞ்சோதி சாகக் கிடந்தபோது நாங்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்று, வாயில் பால் விட்டு, "விட்டுடுங்க மாமா, பிள்ளைங்கள நாங்க பாத்துக்கிறோம்" என்று சொன்னோம், சொன்ன கொஞ்ச நேரத்தில் அவர் போய்விட்டார். அப்பா தலைமாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதே வார்த்தையை நான் இப்போது இவரிடம் சொன்னால் மனுஷன் என்ன நினைப்பார். இழுத்துக்கொண்டு கிடக்கிறார் என்றாலும் சாவு, விட்டுவிட்டார் என்றாலும் சாவு, பாழாய்ப்போன மூச்சுக்கு நம் பாஷையில் வேறு வார்த்தையே கிடையாதா. சரி, அந்தப் பிள்ளை மாதிரி மலாயிலேயே சொல்லிப் பார்ப்போம் என்று "லெப்பாஸ்" என்றேன். "நீ சொன்னா அது தமிழாத்தான் கேக்குது" என்கிறார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், அந்தக் கதைதான். மழையில் எஸ்டேட் மண் பாதையில் செம்பனைக் குலை ஏற்றின லோரியை ஒற்றைக் கையால் திருப்பின மனுஷன், இப்போது குளியலறைக்குப் போகவே சுவரைப் பிடித்துக்கொள்கிறார், மூச்சைக் கிள்ளிக் கிள்ளித்தான் எடுக்கிறார், நெஞ்சுக்குள் மறுபடியும் கர் கர் என்று சத்தம் கேட்கிறது. கயிறு மந்திரித்துக் கட்டினேன், கெஞ்சினேன், கோபத்தில் உங்களோடு என்னால் தாஹான் பண்ண முடியாது, இனிப் பொறுக்க மாட்டேன் என்று கத்தியும் பார்த்தேன். கடைசியில் அவர் முன்னால் உட்கார்ந்து நானே செய்து காட்டினேன். இழுத்தேன், கண்ணை மூடிக்கொண்டு நீளமாக விட்டேன். என் கையை எலும்பு நோகப் பிடித்தார் சாமி, "போதும் நளினி, நீ விடாத, நீயும் விடாத" என்கிறார். அவருக்குப் பயம் அவர் மூச்சுக்கு மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நான் என்ன செய்வேன் சொல்.

நேற்று உன் செல்லாயி அத்தை கோலா கெடாவிலிருந்து கருவாடு கட்டிக்கொண்டு அண்ணனைப் பார்க்க வந்தாள். வழக்கம்போல உன் கல்யாணப் பேச்சை எடுத்து என் வாயைக் கிளறிவிட்டு, எழுந்து, "சரிண்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சி, நான் போறேன்" என்றாள். அப்பாவுக்கு வந்ததே கோபம், எத்தனையோ நாளாக நான் கேட்காத குரல், "போறேன்னு சொல்லாத, போயிட்டு வரேன்னு சொல்லு" என்றார். அவளும் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்ப வந்து ஒரு நிமிஷம் உட்கார்ந்து, போயிட்டு வரேண்ணே என்று சொல்லிக் கிளம்பினாள். எனக்கு என்ன தோன்றியதோ, அவர் பக்கத்தில் போய், "மூச்ச விட வேணாங்க, போயிட்டு வான்னு சொல்லி அனுப்பி வைங்க" என்றேன். பைத்தியமா உனக்கு என்பதுபோல் பார்த்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய "போயிட்டு வா" என்றார், மூச்சு நீளமாக வெளியே போயிற்று, தோள் இறங்கிற்று, கொஞ்சம் பொறுத்துத் தானாகவே உள்ளே வந்தது. மறுபடியும் சொன்னார், மறுபடியும் போய் வந்தது. வெளிறிக் கிடந்த முகத்தில் ரத்த ஓட்டம் திரும்புவதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதோடு முடித்திருந்தால் இந்தக் கடிதம் சந்தோஷக் கடிதம். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "மூச்சு சொன்ன பேச்சக் கேக்குது நளினி, அன்னிக்கு ஏர்போர்ட்ல நம்ம பையன்கிட்டயும் இதேதான் சொன்னேன்" என்றார். அதற்கப்புறம் அவர் பயிற்சி செய்யவில்லை, இன்று காலையும் இல்லை, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உன் விசா பேப்பர் முடியாமல் வந்தால் நீ திரும்பப் போக முடியாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். உன்னை வா என்று எழுத மனம் வரவில்லை, வராதே என்று எழுதக் கை வரவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, முனீஸ்வரர் உனக்குத் துணை நிற்கட்டும், எங்கள் ஆயுளையும் சேர்த்து நீ நன்றாக இரு. ஒன்றே ஒன்று மறக்காதே. இனிமேல் போனை வைக்கும்போது பை சொல்லாதே. போயிட்டு வரேன்பா என்று அப்பா காதில் விழும்படி சொல்லிவிட்டு வை.

உன் அம்மா,
ப. நளினி