துளசியின் இரண்டு மணிக் கோபம்

அக்கா,

மகள் துளசியை ஹைஸ்கூலில் சேர்க்கப் பழைய ரிப்போட்டுகளைக் கேட்டிருக்கிறார்கள். இன்று காலை குசினி மேசை லாச்சியை இழுத்துக் கிளறியபோது, அவளை மதிப்பிட்டு நீங்கள் எழுதிய பதினொரு பக்க ரிப்போட்டும் கிடைத்தது. மூன்றாம் பக்கத்தில் என் மஞ்சள் விரல் அடையாளம். நின்றபடியே திரும்பவும் வாசித்தேன். உங்களோடு கதைக்க வேண்டும் போலிருக்கிறது. நீங்கள் இருந்த கிரவீன் பக்கம் போனால் இப்போதும் காரை உங்கள் தெருவுக்குள் திருப்பிவிடுகிறேன், பிறகுதான் நீங்கள் இல்லை என்பது உறைக்கிறது.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த வருடம் துளசிக்கு எட்டு வயது. ஓட்டிசம் உள்ள பிள்ளை, கதைப்பது குறைவு. டூங்கபியில் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே தவணையில் நான்கு பேரைக் கடித்துவிட்டாள். 'மூர்க்கமானவள், சொல் கேளாதவள்' என்று பள்ளிக்கூடம் எழுதியது. அவளை எங்கேயோ தூரத்துச் சிறப்புப் பள்ளிக்கு மாற்றப் பேச்சு நடந்தது. வெளியாளைக் கொண்டு இன்னொரு மதிப்பீடு செய்விக்கலாம் என்று யாரோ சொல்லித்தான் உங்களைத் தேடிப் பிடித்தேன். தமிழ் ஆள், எங்களுக்காக எழுதுவார் என்று நம்பினேன்.

முதல் நாளே அந்த நினைப்பில் மண் விழுந்தது. "நான் உங்க பக்கமும் இல்லைங்க, ஸ்கூல் பக்கமும் இல்லை. பாத்ததை எழுதுவேன்" என்றீர்கள் உங்கள் கோயம்புத்தூர்த் தமிழில். தேத்தண்ணி வைத்தேன். "ரிப்போர்ட் முடியட்டும், அப்புறம் குடிக்கிறேன்" என்று கோப்பையைத் தள்ளிவிட்டீர்கள். எனக்குப் பொல்லாத கோபம். நீங்கள் போனதும் இவரிடம், "பெரிய கவர்னர் எண்ட நினைப்பு" என்று பொரிந்து தள்ளினேன்.

நான் செய்த வேலையை நினைத்தால்தான் வெட்கம். பெண் பார்க்க ஆட்கள் வருவதுபோல வீட்டைக் கழுவி, துளசிக்குத் தலை வாரி இழுத்து, பட்டுச் சட்டை போட்டு, நேரத்தோடு சோறும் தீத்திவிட்டுக் கதிரையில் இருத்தியிருந்தேன். "தானா சாப்பிடுவாளா?" என்று கேட்டீர்கள். "ஓம், எல்லாம் தானே செய்வாள்" என்றேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு இன்னும் குழைத்து ஊட்டுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

நீங்கள் மூன்று நாள் வகுப்பின் பின்வரிசையில் இருந்து, அவள் குழம்புவதற்கு முன் என்ன நடக்கிறது என்பதை மட்டும் எழுதினீர்கள். பள்ளிக்கூடத்துப் பதிவையும் பார்த்தீர்கள். நான்கு கடியும் பகல் இரண்டு மணிக்குப் பிறகு. நாலாம் நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தீர்கள். நான் நிலத்தில் குந்தியிருந்து, ரீவியைக் காட்டிக் காட்டி அவள் வாயில் சோற்றை வைத்துக்கொண்டிருந்தேன். அவள் விழுங்கிய வேகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"மத்தியானம் குடுத்து விடற சாப்பாடு என்ன ஆகுது?"

"வெறும் பெட்டிதான் வரும்."

"தொடாம வெச்சதை ஸ்கூல்ல குப்பைல கொட்டிடறாங்க. மூணு நாளா பாக்கறேன். அவளுக்குத் தானா எடுத்துச் சாப்பிடத் தெரியல. பசியில கடிக்குது பிள்ளை. இதை ஏன் மறைச்சீங்க?"

என் பிள்ளை பட்டினி கிடந்திருக்கிறாள், அது எனக்குத் தெரியவில்லை. கை கழுவக்கூட எழும்பாமல் அழுதேன்.

அப்படியும் என் புத்தி போகவில்லை. நான் ஊட்டுவதையும், இல்லை என்று சொன்னதையும் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். "அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கோ அக்கா, ரீச்சர்மார் எல்லாரும் வாசிப்பினம்" என்று கெஞ்சினேன். "எடுத்துட்டா உங்க பொண்ணு மூர்க்கமானவளாவே இருப்பா. அவமானம் உங்களுக்கா, அவளுக்கா? சொல்லுங்க" என்றீர்கள். வரி அப்படியே இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவளோடு இருக்க ஓர் ஆளைப் போட்டார்கள். ஒரு துண்டு இட்லியில் தொடங்கினாள். கடிப்பது ஒரேயடியாக நிற்கவில்லை, ஆனால் மாற்றும் பேச்சு நின்றது. நீங்கள் ரிப்போட்டில் கையெழுத்திட்ட அன்றே வாசலில் நின்று, "இப்பக் குடுங்க அந்த டீயை" என்றீர்கள். அதன் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை. கவர்னர் கதையைச் சொன்னபோது சிரித்துச் சிரித்து உங்களுக்குப் புரைக்கேறியது. இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருக்கலாம் அக்கா.

போன கிழமை ஆறாம் வகுப்பு நிறைவு விழா. பழக்கத்தில் கண் பின்வரிசையில் உங்களைத் தேடியது. மேடைக்குக் கூப்பிட, துளசி பாதி வழியில் நின்று, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் குந்திவிட்டாள். மண்டபத்தில் எங்கள் சனம் எத்தனையோ பேர். பக்கத்தில் இருந்த அன்ரி, "பிள்ளைக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டார். முன்பென்றால் காய்ச்சல் என்று பொய் சொல்லி, ஓடிப்போய் அவளைத் தூக்கி வந்திருப்பேன்.

"சுகமாத்தான் இருக்கிறாள் அன்ரி. சத்தம் ஒத்துவராது, அவள் இப்பிடித்தான். கொஞ்சத்தில எழும்புவாள்" என்றேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழும்பும் மட்டும் நான் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.