சைரன் அடித்தால் எந்தப் பக்கம்

பிப்ரவரி 4

என் அருமைக் குருவிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்க ஃபோன் செய்தால் இரண்டாவது நிமிஷமே சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் காகிதம். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

கடற்கரையில் எழும்பும் அந்த அணுமின் நிலையத்தில் கிரேன் ஓட்டுகிறாய், உள்ளேயே குவார்ட்டர்ஸும் கொடுத்துவிட்டார்கள், சந்தோஷம். ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து எத்தனை மாதம் ஆகிறது? வெள்ளிக்கிழமைதோறும் நான் உங்கள் கேட் முன்னால் போராட்டத்தில் உட்காருகிறேன் என்பதால் என் வீட்டுச் சாப்பாடு கசந்துவிட்டதா?

மறுபடியும் சொல்கிறேன், எனக்கு உன் வேலை மேல் கோபமில்லை. நான் பஸ் டிரைவர். எனக்குத் தெரிந்தது ரோடு. இந்த ஊரை விட்டு வெளியே போக ஒரே ஒரு பாலம். சந்தை நாளில் அதில் ஒரு லாரி மக்கர் செய்தால் என் பஸ் அங்கேயே நிற்கும்; பயணிகள் என்னைத் திட்டிவிட்டு இறங்கி நடப்பார்கள். உள்ளே ஏதாவது ஆகிவிட்டால் இத்தனை ஜனமும் எப்படி வெளியேறும்? இதைக் கேட்டால் உங்கள் ஆபீசர்கள் சுவரின் கனத்தைச் சொல்கிறார்கள். நான் சுவரையா கேட்டேன்?

உன் மச்சான் படகும் வலையுமாக நலம். மகள் மாமா எப்போது வருவார் என்று நச்சரிக்கிறாள். பதில் போடு.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. திட்டும் கிடைத்தது. பதில் தாமதமானதற்குக் காரணம், உலைக் கட்டடத்தின் மேல்மூடியை ஏற்றினோம். அதை எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை. நம் பஸ் ஸ்டாண்டு மொத்தத்தையும் கவிழ்த்து மூடிவிடுகிற அளவுக்கு ஓர் இரும்பு மூடி. காற்று அடங்க வேண்டும் என்று நாள் முழுக்கக் காத்திருந்தோம். விடியும்போது அடங்கியது. தூக்கினேன். கீழே அத்தனை பேர் நின்றும் ஒருத்தர் இருமவில்லை. மூடி தன் இடத்தில் நூல் பிசகாமல் உட்கார்ந்தது. மனுஷன் இதையெல்லாம் செய்வானா என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன், தூக்கியது நான்தான் என்பதே மறந்து.

நீ கேட்டதற்கும் பதில் இருக்கிறது. மாதக் கடைசிச் சனிக்கிழமை ஒத்திகை. சைரன் அடிக்கும், ஊரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்ட வேண்டும். உன் பஸ்ஸும் உண்டு. அது சரியாக நடந்தால்தான் எரிபொருளை உள்ளே கொண்டுவர அனுமதி. சைரனை எங்கே வைக்கலாம் என்று பாதுகாப்பு அதிகாரி அம்மா என்னைத்தான் கேட்டார், ஊர்க்காரன் என்று. துறைமுகத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, அது கேட்காத வீடே இல்லை என்றேன். சபாஷ் என்றார்.

எல்லோரும் ஒழுங்காக வெளியேறிவிட்டால் கேட்டை விட்டு எழுந்துவிடுவாயா?

உன்
குருவி

பிப்ரவரி 23

அன்புத் தம்பி,

பந்தயம் சரி. ஊர் பாலத்தைத் தாண்டிவிட்டால் நான் எழுந்துவிடுகிறேன். உன் மூடியையும் வந்து பார்க்கிறேன். தாண்டாவிட்டால், அடுத்த மாதம் நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நீ மைக்கைப் பிடித்து, மேலே இருந்து பார்த்ததை அப்படியே சொல்ல வேண்டும். நாங்கள் சொன்னால் வேலையற்ற கூட்டம் என்கிறார்கள். உள்ளே வேலை செய்கிறவன் சொன்னால் எழுதிக்கொள்வார்கள். பேச்சு மாறக் கூடாது.

அக்கா

மார்ச் 1

குருவிக்கு,

மானம் போய்விட்டதடா. ஒத்திகை நோட்டீஸை பஸ் கண்ணாடியில் ஒட்டியது நான். கண்டக்டரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் விளக்கியதும் நான். சைரன் அடித்ததும் பஸ்ஸைத் திறந்துபோட்டுவிட்டு, சாவியைக்கூட எடுக்காமல் கடலைப் பார்த்து ஓடியதும் இந்த மகராசிதான். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்: எவனோ படகு கவிழ்ந்து தண்ணீரில் கிடக்கிறான். காது கேட்டது, கால் கிளம்பிவிட்டது. மூளை பின்னால் நிதானமாக வந்துகொண்டிருந்தது.

ஒருத்தரும் பாலத்தைத் தாண்டாததால் கணக்குப்படி பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன். ஆனாலும் நீ கூட்டத்தில் பேச வேண்டாம். பேசினால் உன்னைக் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். மூடியைப் பற்றி நீ எழுதியதை மகளுக்குத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டினேன். உன்னிடமிருந்து அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. பந்தயத்தை விடு, சாப்பிட வா.

அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்கா,

கடலுக்கு ஓடியதோடு நிறுத்திவிட்டாய். அதற்கு அப்புறம் நடந்ததை எழுதவே இல்லை. உனக்கு அது ஒன்றுமில்லை போலிருக்கிறது. நான் எழுதுகிறேன்.

சைரன் அடித்தபோது கொக்கியில் சுமை தொங்கியது. அதை இறக்கி வைக்காமல் கேபினை விட்டு நகர முடியாது. அதனால் எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்தேன். பஸ்கள் காலியாக நின்றன. ஊர் மொத்தமும் கடலைப் பார்த்து ஓடியது. முகத்தில் பாதி நுரையோடு ஒருவர், அவர் பின்னால் கத்தியை மடக்கிக்கொண்டே முடிவெட்டுபவர், செருப்பைக் கையில் பிடித்தபடி டீச்சர். சத்தியமாகச் சிரித்துவிட்டேன்.

அதிகாரி அம்மா கரைக்கு ஓடி வந்து, படகு எதுவும் கவிழவில்லை, ஆபத்து நிலையத்துக்குள்ளே என்று வைத்துக்கொள்ளுங்கள், பாலத்துக்குப் போங்கள் என்று சொன்னார். அவருடைய வாக்கிடாக்கி திறந்தே கிடந்ததால் என் கேபினில் இருந்த வாக்கிடாக்கியில் எல்லாம் கேட்டது. கூட்டம் நின்றது. இனித் திரும்பிவிடும் என்று நினைத்தேன். மச்சானின் குரல் கேட்டது.

“ஆபத்து உள்ளன்னா, உள்ள இருக்கறவங்க?”

 அடுத்த நிமிஷமே படகுகளைக் கடலில் இறக்கிவிட்டார்கள். அத்தனை படகுகளும் எங்கள் நிலையத்தின் கடல்பக்கச் சுவருக்கடியில் வந்து வரிசையாக நின்றன. கயிறு வீசினார்கள். வெள்ளிக்கிழமை எங்களை ஒழிக என்று கத்துகிற அதே ஆட்கள். முதல் படகின் முனையில் யூனிஃபார்மோடு நீ. நீ கத்தியது கேட்கவில்லை. வாய் அசைவது தெரிந்தது. என் பெயர்தான்.

மூடியை ஏற்றிய அன்று பிரமித்ததாக எழுதினேனே, அது ஒன்றுமே இல்லை அக்கா. கொக்கியை இறக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு பெரிய ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

சத்தத்தை மாற்றிவிடலாம், ஒரு வருஷத்தில் பழகிவிடுவார்கள் என்கிறார் அதிகாரி அம்மா. நல்லவர்தான். ஆனால் ஜனங்கள் வெளியே ஓடுவார்கள் என்பது அவருடைய கணக்கு. எந்தச் சத்தம் அடித்தாலும் சரி, உள்ளே ஆள் இருக்கிறான் என்று தெரிந்தால் இந்த ஊர் வரும்.

அடுத்த வாரக் கூட்டத்தில் பேசப் போகிறேன். வேலை போனால் அழுவேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு உள்ளே எரிபொருள் இல்லை, அதனால் நீங்கள் எல்லோரும் வீடு திரும்பினீர்கள். நிஜமாகவே அடிக்கிற நாளில் எனக்கு என்ன ஆகும் என்று நான் பயப்படவில்லை. நீ படகில் ஏறி வந்துவிடுவாய். எனக்கு அந்தப் பயம்தான்.

கூட்டத்தில் முன் வரிசையில் உட்காராதே. உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது.

உன் தம்பி,
குருவி